கேள்வி எங்கே போச்சு?

பேட்டி முடிந்துவிட்டது. கரண் தாப்பர் வழக்கமான மரியாதைக்கு, ‘உங்களோடு பேசியதில் மகிழ்ச்சி’ என்று சொல்லிக் கையை நீட்டுகிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் முதலமைச்சர் ஜெயலலிதா அந்தக் கையைத் தொடவில்லை. ‘எனக்கு மகிழ்ச்சி இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்’ என்று ஆங்கிலத்தில் பதில் வருகிறது. ‘நமஸ்தே’ என்கிறார். மாட்டியிருந்த மைக்கைக் கழற்றி மேசைமேல் போடுகிறார். அது விழுகிற சத்தம் ஒளிபரப்பில் நன்றாகவே கேட்கிறது.

2004-ல் பிபிசியின் ‘ஹார்ட் டாக் இந்தியா’ நிகழ்ச்சியில் வந்த பேட்டி அது. இருபது ஆண்டுகள் தாண்டிவிட்டன. இன்னும் தேர்தல் வந்தால், டிசம்பர் 5-ல் ஜெயலலிதாவின் நினைவு நாள் வந்தால், அந்தக் கடைசிப் பத்து விநாடி செல்போன்களில் சுற்றத் தொடங்கிவிடும். அ.தி.மு.க. அனுதாபி ஒருவர் அதைப் பார்த்தால், ‘எவனுக்கும் வளையாத அம்மா’ என்று நெஞ்சு நிமிர்த்துவார். தி.மு.க. அனுதாபி பார்த்தால், ‘பதில் இல்லை, அதனால கோபம்’ என்று சிரிப்பார். ஒரே காட்சி, இரண்டு பேருக்கும் திருப்தி. இருவரிடமும், ‘கரண் தாப்பர் என்னதான் கேட்டார்?’ என்று விசாரித்தால் யோசிப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு நினைவுக்கு வராது.

அவர் கேட்டவை சாதாரணக் கேள்விகள் இல்லை. அந்த ஆண்டு மே மாதம் நடந்த மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் அ.தி.மு.க. கூட்டணி தோற்றிருந்தது. முடிவு வந்த சில நாட்களிலேயே முதல்வர் தன் உத்தரவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்றார். விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் திரும்பியது. மதமாற்றத் தடைச் சட்டம் போனது. 2003 வேலைநிறுத்தத்தில் ஒரே வீச்சில் சுமார் 1.7 லட்சம் அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் வீட்டுக்கு அனுப்பிய அரசு, அவர்கள் மீது மிச்சமிருந்த நடவடிக்கைகளையும் கைவிட்டது. இது மனமாற்றமா, தோல்வி பயமா என்பது ஒரு முதல்வரிடம் கேட்டே ஆகவேண்டிய கேள்வி. அமைச்சர்கள் காலில் விழுவது பற்றி, ஜோதிடம் பற்றி, பெயரில் கூடுதலாக ஓர் எழுத்து சேர்த்தது பற்றியும் கேட்டார். கேள்விகளும் பதில்களும் முழு வீடியோவில் அப்படியே இருக்கின்றன. அதை உட்கார்ந்து பார்ப்பவர்கள் குறைவு. பகிரப்படுவது மைக் விழும் சத்தம்தான்.

தலைவர்களின் தொலைக்காட்சிப் பேட்டிகளை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. முகம் நினைவிருக்கிறது. குரல் நினைவிருக்கிறது. எழுந்து போனாரா, உட்கார்ந்திருந்தாரா என்பது நினைவிருக்கிறது. கேள்வி மட்டும் காணாமல் போய்விடுகிறது. இது பார்வையாளரின் குறை என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால் நடந்த கதைகளை வரிசையாகப் பார்த்தால் வேறொன்று புலப்படும். கேள்வி தானாகக் காணாமல் போவதில்லை. அதைக் காணாமல் போக்குவதற்கு நிறைய கைகள் வேலை செய்கின்றன.

அதே ஜெயலலிதாவின் இன்னொரு பேட்டியும் அதே அளவுக்குப் பிரபலம். 1999-ல் சிமி கரேவால் எடுத்தது. வெள்ளைப் பின்னணி, மெல்லிய குரல், தோழி போலப் பேச்சு. அதில் ஜெயலலிதா ஒரு பழைய இந்திப் பாட்டைப் பாடுகிறார். பள்ளி நாட்களில் கிரிக்கெட் வீரர் நாரி கான்ட்ராக்டர் மேல் இருந்த ஈர்ப்பைச் சொல்லிச் சிரிக்கிறார். எம்.ஜி.ஆரைச் சந்தித்த யாருக்கும் அவர்மேல் அன்பு வராமல் இருக்காது என்கிறார். அவரை வாழ்நாள் முழுக்க எதிர்த்து வாக்களித்தவர்கள்கூட அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் இளகுவார்கள். ‘பாவம்பா, அவங்க வாழ்க்கையே தனிமை’ என்று வீட்டில் அம்மாக்கள் சொல்வார்கள்.

இரண்டு பேட்டிகளையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது ஒன்று புரியும். முதல்வராக இருந்தபோது அவர் என்ன செய்தார் என்று கேட்ட பேட்டி அவரது கோபத்துக்காகவும், எதையும் கேட்காத பேட்டி அவரது மனசுக்காகவும் நினைவில் நிற்கின்றன. இரண்டிலுமே பார்வையாளருக்குக் கிடைத்தது ஒரு பெண்ணின் குணச்சித்திரம். ஆட்சியைப் பற்றிய கணக்கு எதிலும் கையில் மிஞ்சவில்லை.

தமிழ் மண்ணுக்கு இதில் ஒரு தனிக் காரணம் உண்டு. நம் அரசியல் வளர்ந்தது மேடையில். அண்ணா காலத்திலிருந்து பேச்சுக் கலையால் ஒரு தலைமுறையே கட்சிக்கு வந்தது. எதிர்க்கட்சிக் கூட்டத்துக்குப் போய், விளக்கு வெளிச்சம் படாத கடைசி வரிசையில் நின்று, ‘என்னதான் சொல்றான்னு கேட்போம்’ என்று காது கொடுத்த பழக்கம் இந்த ஊருக்கு உண்டு. ஆனால் மேடையில் கேள்வி கேட்பவர் தலைவர்தான். ‘நான் கேட்கிறேன்’ என்று தொடங்குவார், நாலு கேள்வி அடுக்குவார், பதிலையும் அவரே சொல்வார், கூட்டம் கைதட்டும். தலைவன் கேட்பான், மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும் என்பதே நம் காதுக்குப் பழகிய வரிசை. தொலைக்காட்சிப் பேட்டி அந்த வரிசையைத் தலைகீழாக்கியது. மாலை இல்லை, கூட்டம் இல்லை, எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவர் தலைவரைப் பார்த்துக் கேட்கிறார். அந்தக் காட்சியே பலருக்கு அவமரியாதையாகத் தெரிகிறது. ‘தலைவர்கிட்ட இப்படியா கேக்கறது?’ என்ற கொதிப்பு அங்கிருந்து வருகிறது.

இந்தக் கொதிப்பு கேள்வியின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க விடாது.

அடுத்த கை சேனல்களுடையது. சன் டிவி 1993-ல் வந்தது. ஜெயா டிவி 1999-ல், மக்கள் தொலைக்காட்சி 2006-ல், கலைஞர் டிவி 2007-ல், கேப்டன் டிவி 2010-ல். பெயரைச் சொன்னாலே எந்தக் கட்சி, எந்தக் குடும்பம் என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். 2006 தேர்தலில் தி.மு.க. இலவச வண்ணத் தொலைக்காட்சி வாக்குறுதி தந்தது, ஆட்சிக்கு வந்து கொடுக்கவும் செய்தது. கூரை வீட்டிலும் பெட்டி வந்தது. அந்தப் பெட்டியில் யாரைப் பற்றிய செய்தியை எந்த எண்ணில் பார்க்க வேண்டும் என்பதைத் தமிழர்கள் தாங்களே கற்றுக்கொண்டார்கள்.

அந்தப் பாடத்தின் முதல் பெரிய நாள் 2001 ஜூன் 30. மேம்பால வழக்கில் கருணாநிதியை நள்ளிரவில் வீடு புகுந்து போலீஸ் கைது செய்தது. 77 வயது முதியவரை இழுத்துப் போகும் காட்சியையும் அவர் அலறலையும் சன் டிவி விடிய விடியத் திரும்பத் திரும்பக் காட்டியது. ஜெயா டிவி வேறு காட்சிகளைக் காட்டியது. அதில் போலீஸைத் தடுத்தவர்களும் தள்ளியவர்களும் பெரிதாகத் தெரிந்தார்கள். ஒரே வீடு, ஒரே இரவு. சன் டிவி பார்த்த தெருவில் கண்ணீர், ஜெயா டிவி பார்த்த தெருவில் ‘எல்லாம் நாடகம்’ என்ற பேச்சு. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவே தாவிப் பார்த்தவர்களும் உண்டு. நடந்தது இரண்டு படத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று தமிழ் வீடுகள் உணர்ந்த இரவு அது.

இப்படிச் சேனலின் நிறம் பார்த்தே பழகிய கண்ணுக்கு, நிறமே இல்லாத நெறியாளர் ஒருவர் வந்தாலும் நம்ப முடிவதில்லை. ‘இவன் யாருக்கு வேலை பாக்கறான்?’ என்பதே முதல் சந்தேகமாக இருக்கிறது. இது தமிழர்களுக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. 1985-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வலோன், ராஸ், லெப்பர் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1982-ல் பெய்ரூட் அகதி முகாம்களில் நடந்த படுகொலை பற்றிய அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளை 144 மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். இஸ்ரேல் ஆதரவு மாணவர்கள், ‘இந்தச் செய்தி இஸ்ரேலுக்கு எதிராக எடுக்கப்பட்டது’ என்றார்கள். அரபு ஆதரவு மாணவர்கள், ‘இது இஸ்ரேலுக்கு வக்காலத்து வாங்குகிறது’ என்றார்கள். இருவரும் பார்த்தது அதே படத்தை. இன்னொரு விஷயமும் தெரிந்தது. விவகாரத்தைப் பற்றி நிறையத் தெரிந்து வைத்திருந்தவர்கள்தான் கூடுதலாகக் குறை கண்டார்கள்.

எந்த முடிதிருத்தும் கடையிலும் இதை நேரில் பார்க்கலாம். சுவரோரம் பெட்டி ஓடுகிறது. ஒரு தலைவரிடம் நெறியாளர் நாலு நிமிடம் விடாமல் மல்லுக்கட்டுகிறார். நாற்காலியில் முகத்தில் நுரையோடு இருப்பவர், ‘எங்க ஆளைன்னா மட்டும் இப்படிக் குடையறான், அவனைக் கூப்பிட்டு வச்சா பல்லைக் காட்டறான்’ என்கிறார். பெஞ்சில் பேப்பரோடு இருப்பவர், ‘யோவ், இதெல்லாம் ஒரு கேள்வியா, தடவிக் கொடுக்கறான்யா’ என்கிறார். கத்தியைப் பிடித்திருப்பவர் மட்டும் வாய் திறப்பதில்லை. இருவருமே அவருக்கு வாடிக்கையாளர்கள்.

அந்த இருவரில் யாரும் முட்டாள் இல்லை. ஆளைப் பார்த்து எடைபோடுவது நம் வாழ்க்கையில் அன்றாடம் பயன்படுகிற அறிவு. மாடு வாங்கும்போதும் மாப்பிள்ளை பார்க்கும்போதும் பேச்சைவிடக் கண்ணைத்தான் பார்க்கிறோம். அரசியல்வாதியிடமும் அதையே செய்கிறோம். அவர் முழித்தாரா, தண்ணீர் குடித்தாரா, பக்கத்திலிருக்கும் ஆளைப் பார்த்தாரா என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பார்வையை ஏமாற்றத் தெரிந்தவர்கள் அரசியலில் இருக்கிறார்கள்.

2011-ல் டாட் ரோஜர்ஸ், மைக்கேல் நார்ட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அதைச் சோதித்துக் காட்டினார்கள். ஓர் அரசியல்வாதி மருத்துவ வசதி பற்றிப் பேசும் ஒரே பதிலை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவுக்கு மருத்துவ வசதி பற்றிய கேள்வியோடு ஒட்டினார்கள். இன்னொரு குழுவுக்குப் போதைப்பொருள் பழக்கம் பற்றிய கேள்வியோடு ஒட்டினார்கள். மூன்றாம் குழுவுக்குப் பயங்கரவாத எதிர்ப்புப் போர் பற்றிய கேள்வியோடு. மூன்றாம் குழு ஏமாறவில்லை. ஆனால் போதைப்பொருள் பற்றிக் கேட்டதற்கு மருத்துவ வசதி பற்றிச் சொன்ன பதிலை நிறையப் பேர் பதிலாகவே ஏற்றுக்கொண்டார்கள். நேராகப் பதில் சொன்னவருக்குத் தந்த மரியாதையையே அவருக்கும் தந்தார்கள். என்ன கேள்வி கேட்கப்பட்டது என்றே பலருக்கு நினைவில்லை. பக்கத்து விஷயத்துக்குத் தாவிச் சரளமாகப் பேசினால் போதும், தப்பிக்கலாம்.

இந்த ஆய்வில் இன்னொரு பாதி இருக்கிறது. தமிழ்ச் செய்திச் சேனல் ஒவ்வொன்றும் அதைச் சுவரில் ஒட்டி வைக்க வேண்டும். தலைவர் பேசும் நேரம் முழுக்க, கேட்ட கேள்வியைத் திரையில் எழுத்தாகப் போட்டபோது, பார்வையாளர்கள் நழுவலைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவ்வளவுதான் தேவைப்பட்டது. ஒரே ஒரு வரி.

நம் திரையில் அந்த இடத்தில் என்ன ஓடுகிறது? தலைவர் சொன்னதில் காரமான துண்டு ஒன்று. மேலே விளம்பரம், கீழே பிரேக்கிங், ஓரத்தில் தங்கம் விலை. கேள்விக்கு இடமில்லை. அதே பேட்டி மறுநாள் யூடியூபில் துண்டு துண்டாக வரும்போது, ‘கதறவிட்ட’, ‘வெளுத்து வாங்கிய’, ‘வாயடைத்துப்போன’ என்ற தலைப்புகளோடு வருகிறது. யார் யாரை என்பது மட்டும் ஆளுக்குத் தகுந்தாற்போல் மாறும்.

நழுவலைக் கலையாகவே செய்தவர் கருணாநிதி. நிருபர்களைத் தவிர்க்காமல் சந்தித்த தலைவர் அவர் என்பதைச் சொல்லியாக வேண்டும். நெருக்கமான கேள்வி வந்தால் கேட்ட சொல்லையே திருப்பிப் போட்டு ஒரு சிலேடை விடுவார். அறை முழுக்கச் சிரிப்பு. கேட்ட நிருபரே சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வீட்டில் பார்த்தவர்கள் அந்தத் தமிழை ரசித்தார்கள், மறுநாள் அலுவலகத்தில் சொல்லிக் காட்டினார்கள். அந்த ரசனை உண்மையானது, நல்லதும்கூட. ஆனால் சிரிப்பு அடங்கியபோது கேள்வி பதிலில்லாமல் அங்கேயே கிடந்தது.

சிலேடை எல்லோருக்கும் வராது. எழுந்து போவது சுலபம்.

2007 அக்டோபரில், குஜராத் சட்டமன்றத் தேர்தலுக்குச் சற்று முன், முதல்வராக இருந்த நரேந்திர மோடி சிஎன்என் ஐபிஎன் சேனலில் கரண் தாப்பர் முன் உட்கார்ந்தார். 2002 கலவரம் பற்றிய கேள்விகள் வந்தன. தண்ணீர் கேட்டார், மைக்கைக் கழற்றினார், நட்பு நீடிக்கட்டும் என்று சொல்லி எழுந்தார். பேட்டி மொத்தம் மூன்று நிமிடம் போல. சேனல் அதைத் திரும்பத் திரும்பப் போட்டது. எதிர்ப்பாளர்கள் அதை ஓட்டம் என்றார்கள். ஆதரவாளர்கள் ஆங்கிலச் சேனலின் வன்மத்துக்குச் சரியான பதிலடி என்றார்கள். டிசம்பரில் பா.ஜ.க. 182-ல் 117 இடங்களில் ஜெயித்தது. எழுந்து போனதால் ஓட்டு போய்விடாது என்று எல்லாக் கட்சிகளும் அதிலிருந்து கற்றுக்கொண்டிருக்கும்.

தமிழ்நாட்டில் 2016 சட்டமன்றத் தேர்தல் நேரம். மக்கள் நலக் கூட்டணியின் ஒருங்கிணைப்பாளராக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த வைகோ, புதிய தலைமுறை தொலைக்காட்சிப் பேட்டியில் பணக் குற்றச்சாட்டு பற்றிய கேள்வி வந்ததும் மைக்கைக் கழற்றிவிட்டுக் கிளம்பினார். மணிக்கணக்கில் மேடையில் முழங்கக்கூடியவர், ஒரு கேள்விக்கு முன் நிற்காமல் போனது அவரை நேசித்தவர்களையே வருத்தியது. அந்தத் தேர்தலில் அந்தக் கூட்டணிக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை. தோல்விக்குப் பேட்டி காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குற்றச்சாட்டு பொய் என்றால், அதைப் பொய் என்று ஆதாரத்தோடு நிறுவ அவருக்குக் கிடைத்த நேரமும் அதுதான்.

அதற்கு நாலு மாதம் முன்பு, 2015 டிசம்பர் 27. சென்னையில் விஜயகாந்தை நிருபர்கள் சூழ்ந்தார்கள். ஜெயலலிதா மீண்டும் ஆட்சிக்கு வருவாரா என்று கேட்டார்கள். வரமாட்டார் என்று சொன்னவர், இதையெல்லாம் ஜெயலலிதாவிடம் கேட்க உங்களுக்குத் துணிச்சல் உண்டா, பயப்படுகிறீர்கள் என்று பொரிந்தார். பிறகு ‘தூ’ என்றார். அந்த ஓர் எழுத்து மாநிலம் முழுக்க எதிரொலித்தது. பத்திரிகையாளர் அமைப்புகள் கண்டித்தன. ரசிகர்கள் விசிலடித்தார்கள். மீம்கள் குவிந்தன. அவர் செய்தது தவறு. தெருவில் வெயிலில் நிற்கும் நிருபர் மேல் அந்தக் கோபத்தைக் கொட்டியிருக்கக் கூடாது. ஆனால் துப்புவதற்கு முன்னால் அவர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். ஆட்சியில் இருப்பவரிடம் போக முடியாத கேள்வி, எதிர்க்கட்சிக்காரரிடம் மட்டும் ஏன் வருகிறது? ஊடகமும் பார்வையாளரும் அதைப் பேசியிருக்க வேண்டும். ‘தூ’ அதை விழுங்கிவிட்டது.

கேள்வியும் பதிலும் எப்போதும் இப்படித் தொலைந்துபோவதில்லை. 2014 ஜனவரி 27 அன்று ‘டைம்ஸ் நவ்’ சேனலில் அர்னாப் கோஸ்வாமிக்கு ராகுல் காந்தி கொடுத்த நீண்ட பேட்டியை எடுத்துக்கொள்வோம். எது கேட்டாலும் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பெண்களுக்கு அதிகாரம், அமைப்பை மாற்றுவது என்றே அவர் பதில்கள் சுழன்றன. தன்னைத் தானே ‘ராகுல் காந்தி’ என்று பெயர் சொல்லிப் பேசினார். நாடே கேலி செய்தது. தமிழ்நாட்டில் வடிவேலு படங்களை வைத்துச் செய்தார்கள். பேட்டியின் நினைவு அநேகமாக அதுதான்.

ஆனால் டெல்லியில் ஒரு கூட்டம் அந்தப் பேட்டியை வேறு விதமாகக் கேட்டது. 1984 சீக்கியர் படுகொலையில் காங்கிரஸ்காரர்களுக்குப் பங்குண்டா என்று அர்னாப் கேட்டபோது, சில காங்கிரஸ்காரர்கள் ஈடுபட்டிருக்கலாம் என்ற பொருளில் ராகுல் பதில் சொன்னார். முப்பது ஆண்டுகளாக அந்தக் கேள்வியோடு வாழ்ந்த குடும்பங்கள் அதைத் தவறவிடவில்லை. சில நாட்களில் சீக்கியர்கள் காங்கிரஸ் தலைமையகத்தின் முன் திரண்டார்கள். ஈடுபட்டவர்கள் யார், பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். அப்போதைய டெல்லி கெஜ்ரிவால் அரசு சிறப்புப் புலனாய்வுக் குழு கேட்டுப் பரிந்துரைத்தது. மற்றவர்கள் ராகுலின் தடுமாற்றத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்தக் கேள்வி யாருடைய சொந்தக் கேள்வியோ அவர்கள் பதிலை ஒரு சொல் விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

பார்வையாளரே கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனில் ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. 1983 மே 24, பொதுத்தேர்தல் பிரசாரம். பிரதமர் மார்கரெட் தாட்சர் பிபிசியின் ‘நேஷன்வைடு’ நிகழ்ச்சியில் பார்வையாளர் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வந்தார். வேறொரு ஊர் ஸ்டுடியோவிலிருந்து கேமரா வழியாக டயானா கூல்டு என்ற ஆசிரியை இணைந்தார். முந்தைய ஆண்டு ஃபாக்லாந்து போரில் அர்ஜென்டினாவின் பெல்கிரானோ கப்பலை பிரிட்டன் நீர்மூழ்கி மூழ்கடித்ததில் 323 பேர் செத்திருந்தார்கள். அந்தக் கப்பல் தடை வளையத்துக்கு வெளியே, தீவுகளை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தபோது ஏன் தாக்கினீர்கள் என்று கேட்டார் அந்த ஆசிரியை.

அது விலகிப் போகவில்லை என்றார் தாட்சர். கூல்டு, கப்பல் எந்தத் திசைக் கோணத்தில் போனது என்ற எண்ணைச் சொன்னார். நம் கப்பல்களுக்கு அது ஆபத்து என்றார் தாட்சர். என் கேள்விக்கு அது பதில் இல்லையே என்ற தொனியில் கூல்டு மறுபடி தொடங்கினார். பிரதமர் ஆசிரியையின் பெயரையே ஒருமுறை தடுமாறிச் சொன்னார். கூல்டு குரலை உயர்த்தவில்லை, வசை இல்லை, கைதட்டலுக்கு ஒரு வாக்கியம்கூட இல்லை. இளம் வயதில் கடற்படையின் பெண்கள் பிரிவில் வேலை பார்த்தவர், வரைபடத்தைப் படித்துவிட்டு வந்திருந்தார். நிகழ்ச்சிக்குப் பிறகு பிரதமரின் கணவர் பிபிசிக்காரர்கள் மேல் பாய்ந்தார். ஜூன் 9 தேர்தலில் தாட்சர் 397 இடங்களோடு அமோகமாக ஜெயித்தார்.

தேர்தலை மாற்றாத அந்தச் சில நிமிடங்களை நாற்பது ஆண்டுகள் கழித்தும் பிரிட்டன் பேசுகிறது. அதை நினைவு வைத்திருப்பவர்களிடம், ‘கேள்வி என்ன?’ என்று கேட்டால் உடனே சொல்வார்கள். ஏன் விலகிப் போகும் கப்பலைத் தாக்கினீர்கள்? மைக் விழவில்லை, யாரும் எழுந்து போகவில்லை. இந்த ஒரு பேட்டியில் எல்லோருக்கும் மனதில் நின்றது கேள்விதான்.

அங்கும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல முடியாது. 2010 பிரிட்டன் தேர்தலில் மூன்று கட்சித் தலைவர்களின் நேரடி விவாதங்கள் முதன்முறையாக ஒளிபரப்பானபோது, திரையின் அடியில் ஒரு கோடு ஓடியது. ஒரு சிறு குழு கையில் உள்ள கருவியைத் திருக, அவர்களுக்குப் பிடித்தால் கோடு ஏறும், பிடிக்காவிட்டால் இறங்கும். புழு என்றே அதற்குப் பெயர். கடைசி விவாதத்தின்போது கோலின் டேவிஸ் முதலான ஆய்வாளர்கள் 150 பேரை இரண்டு அறைகளில் உட்காரவைத்து, தாங்களே இயக்கிய பொய்ப் புழுவைத் திரையில் ஓடவிட்டார்கள். நிக் கிளெக் பக்கம் புழு ஏறிய அறையில் பெரும்பாலோர் கிளெக்தான் ஜெயித்தார் என்றார்கள். கோர்டன் பிரவுன் பக்கம் ஏறிய அறையில் பிரவுனுக்குக் கூடுதல் பேர் கை தூக்கினார்கள். அவர்கள் பார்த்த விவாதம் ஒன்றே. அடுத்தவர் எப்படிப் பார்க்கிறார் என்பதைப் பார்த்துத் தம் கருத்தை அமைத்துக்கொண்டார்கள்.

நம் சேனல்கள் பேட்டி ஓடும்போதே ‘யார் சொன்னது சரி?’ என்று வாக்கெடுப்பு போட்டு விழுக்காடு காட்டுவதும் அதே வேலைதான். அதில் வாக்களிப்பவர்கள் யார், எத்தனை பேர், ஒரே கட்சியின் ஐடி விங் ஆட்கள் எத்தனை முறை அழுத்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் சோபாவில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் அந்த எண் விழுந்துவிடுகிறது. தலைவர் என்ன சொன்னார் என்று அவர் யோசித்து முடிப்பதற்குள், ஊர் என்ன சொல்கிறது என்று திரை சொல்லிவிடுகிறது.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. கேள்வியைத் திரையில் நிறுத்துங்கள். போட்டித் தலைவர்கள் இருவரையும் அழைத்தால், பொதுவான ஐந்து கேள்விகளாவது இருவரிடமும் ஒரே சொற்களில் கேளுங்கள். நீட், மேகதாது, டாஸ்மாக், மாநிலக் கடன் என்று இருவருமே பதில் சொல்ல வேண்டியவை இங்கே ஏராளம். முழுப் பேட்டியையும் வெட்டாமல் இணையத்தில் வையுங்கள். கேள்வி எதையாவது முன்கூட்டியே கொடுத்திருந்தால், எதைக் கேட்கக் கூடாது என்று தலைவர் தரப்பு நிபந்தனை போட்டிருந்தால், நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள். முடிதிருத்தும் கடையில் இருவர் சண்டை போடுவது நிற்காது. ஆனால் எதைப் பற்றிச் சண்டை போடுகிறோம் என்பது இருவருக்கும் தெரிந்திருக்கும்.

வராதவரை என்ன செய்வது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. 2019 பிரிட்டன் தேர்தலில் பிபிசியின் ஆண்ட்ரூ நீல், கட்சித் தலைவர்களை ஒவ்வொருவராக அரைமணி நேரம் குடைந்தார். நவம்பர் 26 அன்று தொழிற்கட்சித் தலைவர் ஜெரமி கோர்பினிடம், கட்சிக்குள் இருந்த யூத வெறுப்புக்காக மன்னிப்புக் கேட்கிறீர்களா என்று நாலு முறை கேட்டார். கோர்பின் கேட்கவில்லை, மறுநாள் தலைப்புச் செய்தி அதுதான். ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் ஸ்டர்ஜன் வந்தார், லிபரல் டெமாக்ரட் ஸ்வின்சன் வந்தார், பிரெக்ஸிட் கட்சியின் ஃபராஜ் வந்தார். பிரதமர் போரிஸ் ஜான்சன் மட்டும் தேதி கொடுக்கவில்லை. எங்கள் தலைவரை மட்டும் வாட்டிவிட்டு அவரைத் தப்பவிடுகிறீர்களா என்று தொழிற்கட்சிக்காரர்கள் பொங்கினார்கள். அந்தக் கோபம் நியாயமானது.

டிசம்பர் 5 இரவு, ஃபராஜ் பேட்டி முடிந்ததும் நீல் கேமராவைப் பார்த்துத் திரும்பினார். ஜான்சனிடம் கேட்க வைத்திருந்தவை என்னவென்று பார்வையாளர்களிடமே சொன்னார். வாக்குறுதிகளை நம்பலாமா, மருத்துவமனைக் கணக்கு சரியா என்று ஒவ்வொன்றாக. டிரம்ப், புதின், ஷி ஜின்பிங் முன்னால் நிற்க வேண்டிய பிரதமர், அரைமணி நேரம் என் முன்னால் உட்காரக் கூடாதா என்றார். சில நிமிடம்தான். அதில் பதில் ஒன்றுகூட இல்லை, முகம் சிவந்த தலைவர் இல்லை, விழும் மைக் இல்லை. மறுநாளுக்குள் லட்சக்கணக்கானவர்கள் அதைப் பார்த்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். அவர்கள் அனுப்பியது வெறும் கேள்விகளை. ஜான்சன் கடைசிவரை வரவில்லை. டிசம்பர் 12-ல் அவர் கட்சி 365 இடங்களில் ஜெயித்தது.